வழுக்காத மைதானம்

"டேய் டோபின், எப்படிடா விழுந்தே?"

உதவிப் பயிற்சியாளர் மெர்ல் அனல் பறக்கக் கேட்டார்.

"வழுக்கிடுச்சு கோச்."

"மழையே இல்ல. புல்லு காஞ்சு கெடக்கு. எப்படிடா வழுக்கும்?"

டோபின் கையிலிருந்த ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் நின்ற கீட்டன், மார்கஸ், வேட் மூவருக்கும் அதே பதில்தான். வழுக்கிடுச்சு.

அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் கடைசி நிமிடம். ஹால்பர்க் காலேஜின் ஒல்லிப் பையன் ஒருவன் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினான். மடக்க வேண்டிய நாலு பேரும் ஒருத்தன் பின்னால் ஒருத்தனாகக் குப்புற விழுந்தார்கள். சீசன் முழுக்க முட்டையே வாங்கிய அணி, முதல் தடவையாக எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துவிட்டது.

"நாமதான் ஜெயிச்சுட்டோமே கோச், அப்புறம் என்ன?" என்றான் கீட்டன்.

"பந்தயம் கட்டறவன் எவன்கிட்டடா விலை போனீங்க?"



தலைமைப் பயிற்சியாளர் லோவலிடம் சொல்லிவிட வேண்டியதுதான் என்று வேகமாக நடந்த மெர்ல், பாதி வழியில் நின்றார்.

இடைவேளையில் ஹால்பர்க் பஸ்ஸுக்குப் பின்னால் அவர்களுடைய கோச்சோடு லோவல் என்னவோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தாரே! திரும்பி வந்ததும் டோபினைத் தனியாகக் கூப்பிட்டாரே!

இந்த மனுஷனுமா?

லோவல் மைதானத்து ஓரத்தில் நின்றிருந்தார். ஹால்பர்க் பையன்கள் அந்த ஒல்லிப் பையனைத் தோளில் தூக்கிவைத்துக் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். தோற்ற அணி மாதிரியே இல்லை.

"நேராவே கேக்கறேன் லோவல். நம்ம பசங்கள விழச் சொன்னது நீங்களா?"

"ஆமா."

"லீக்ல புகார் பண்ணுவேன். உங்க வேலை போயிடும்."

"தாராளமா பண்ணு. அவங்க பஸ் கெளம்பட்டும், அப்புறம் பண்ணு."

"ஏன், அவங்களுக்கும் இதுல பங்கா?"

லோவல் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் காலேஜையே மூடறாங்க மெர்ல். அவங்க ஆடற கடைசி ஆட்டம் இது. பசங்களுக்கு இன்னும் தெரியாது. ஊர் போய்ச் சேர்ந்ததும் சொல்லணுமாம். என்கிட்ட சொல்லும்போதே அந்தக் கோச் அழுதுட்டார்."

மெர்ல் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் கேட்டார்.

"சரி, அதுக்காக நாலு பேரையுமா விழச் சொல்லுவீங்க? பாக்கறவங்களுக்குச் சந்தேகம் வராது?"

"நான் டோபின்கிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றார் லோவல். "மத்த மூணு பேரும் அவங்களா விழுந்தாங்க."