கருத்துச் சொல்லக் கூடாது

முப்பத்தொரு வாரக் கர்ப்பிணி பெர்பெத்துவாவுக்கு ரத்தக்கொதிப்பு எகிறியது. வயிற்றுக் குழந்தையின் துடிப்பும் தளர்ந்தது. மருத்துவமனைத் திரை சுகப்பிரசவம், சிசேரியன், காத்திருத்தல் என்று மூன்றையும் சதவீதங்களோடு காட்டி, “தேர்ந்தெடுக்கவும்” என்றது. மருத்துவர்கள் கருத்துச் சொல்வது சட்டப்படி குற்றம்.

“ஒண்ணும் புரியல டாக்டர். உங்க தங்கச்சின்னா என்ன சொல்வீங்க?” என்று அவள் அழுதாள்.

டாக்டர் வெண்ணிலா வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் போட்டார். “இப்ப நான் டாக்டர் இல்ல. அக்காவா சொல்றேன். சிசேரியன் பண்ணிக்கோ, இப்பவே!”

பெர்பெத்துவா திரையில் அதையே தொட்டாள். ஒன்றேகால் கிலோவில் பெண் குழந்தை பிறந்து, மெல்ல அழுதது.

மறுவாரமே வெண்ணிலாவை ஓட்டுநர் உரிமத்துக்குக் கண் பரிசோதிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். முதல் நாளே அங்கே நீண்ட வரிசை. பாதிப் பேர் நிறைமாதக் கர்ப்பிணிகள்.

“கண்ணுல என்ன கோளாறு?” என்றார் வெண்ணிலா.

“கண்ணு நல்லாத்தான் இருக்குக்கா” என்றாள் முதலில் நின்றவள்.