கரடிக்கு ஒரு வாசகர்

"உங்க புத்தகம் எல்லாத்தையும் கயிறு போட்டுக் கட்டி, நூலகத்துப் பின்வாசல்ல வச்சிருக்காங்க. பழைய பேப்பர் வண்டிக்காம்."

மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்.

"தெரியும்" என்றார் எழுத்தாளர்.

"தெரியுமா? தெரிஞ்சுமா கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

அவர் குழந்தைகளுக்குக் கதை எழுதுபவர். எழுதியவர் என்று சொல்வதுதான் இப்போது சரி. பதிப்பாளர் அவருடைய போனை எடுப்பதை நிறுத்தி வெகு காலமாகிவிட்டது. கடைகளில் அவர் புத்தகம் கிடையாது. போன முறை நூலகத்தில் கதை சொல்லக் கூப்பிட்டார்கள். இரண்டு குழந்தைகள் வந்தன. ஒன்று மின்விசிறிக்காக வந்தது, இன்னொன்று கழிவறை எங்கே என்று கேட்க வந்தது. அவருக்கென்று மிச்சமிருந்தது நூலகத்தில் அந்த ஒரு அலமாரித் தட்டுதான்.

"ரெண்டு வருஷம் யாரும் எடுக்காத புத்தகத்தைக் கழிச்சுடுவாங்க. அவங்க விதி அது."

"யாரும் எடுக்கலைன்னா நீங்களாவது எடுத்திருக்கணும். வீட்டுக்கு ஒரு கார்டு குடுத்திருக்காங்க. கார்டுக்கு மூணு புத்தகம் தர்றாங்க. அந்தக் கார்டும் உங்க பையிலதான் கிடக்குது. உங்களோடதுல மூணு புத்தகமாவது பிழைச்சிருக்கும்ல?"

"என் புத்தகத்தை நானே போய் எடுக்கிறதா?"

"ஆமா, கௌரவம் குறைஞ்சுடும். இப்ப எடைக்குப் போகுதே, இதுல ரொம்பக் கூடிடுச்சோ?"

அவர் எழுந்தார். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கரடியைப் பார்க்க."

கரடியும் குழந்தைகளுக்கு எழுதியவர்தான். எந்தக் கதையை எடுத்தாலும் அதில் ஒரு கரடி வந்துவிடும் என்பதால் எழுத்தாள நண்பர்கள் வைத்த பெயர் அது. பக்கவாதம் வந்து படுத்தபின், அந்த நண்பர்களில் எட்டிப் பார்ப்பது இவர் ஒருவர்தான்.

"நல்ல நாள் பார்த்தீங்க போறதுக்கு. குத்திக் காட்டியே அனுப்புவாரு. இருங்க, நானும் வர்றேன்."

கரடி மகன் வீட்டுப் பின்னறையில் கிடந்தார். மருந்து வாடை அடித்தது. ஒரு கைதான் அசையும். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"வாய்யா. வா தங்கச்சி. உன் புத்தகத்தை எல்லாம் தூக்கிட்டாங்களாமே? மகன் சொன்னான்."

"ஆமா."

"நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நீ கதை சொல்லல, பாடம் நடத்துறன்னு. எந்தக் குழந்தை எடுக்கும்?"

"நீ சொன்னது சரிதான்."

மனைவி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"என்னோடது மூணும் அலமாரியில நிக்கிறதே இல்லையாம். எப்ப கேட்டாலும் வெளியே போயிருக்குங்கிறாங்களாம். எந்தப் பிள்ளையோ, திரும்பத் திரும்ப எடுக்குது." கரடியின் கண் கலங்கியது. "இங்க எல்லாரும் நான் எப்ப போவேன்னு பார்த்துட்டு இருக்காங்க. எனக்கே எதுக்கு இந்த உசிருன்னு வந்துடுதுய்யா. அப்புறம் அந்தப் பிள்ளை ஞாபகம் வரும். அதுக்கு இன்னொரு கதை சொல்லிட்டுப் போயிடணும். நீ எழுதிக்கிறியா? உன் சரக்கு எதையும் நடுவுல சொருகிடாத."

எழுத்தாளர் பேனாவை எடுத்தார். கரடி குழறிக் குழறிச் சொல்ல, ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதினார். கதை சுமார்தான். ஒரு குட்டிக் கரடி தேன் தேடிப் போய் வழி தவறியது. அது வீடு திரும்புவதற்குள் சொன்னவர் தூங்கிவிட்டார்.

தெருவுக்கு வந்ததும் மனைவி பொரிந்து தள்ளினாள்.

"படுத்த படுக்கையிலயும் அந்த மனுஷனுக்குக் கொழுப்பு அடங்கல. உங்களுக்கு ரோஷமே கிடையாதா? அவர் பக்கத்துல உட்கார்ந்து எழுதிக் குடுக்குறீங்க. அவரோடதையாவது ஒரு பிள்ளை படிக்குது. உங்களோடதை?"

"யாரும் படிக்கல" என்றார் எழுத்தாளர். "ஆயுசு முழுக்க எழுதியும் எனக்குன்னு ஒரு குழந்தைகூட இல்ல. நான் எழுதாமலே இருந்திருந்தாலும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. போதுமா?"

அவர் இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

நூலகத்துப் பின்வாசலில் வண்டிக்காரர் கட்டுகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். மேலே கிடந்த கட்டின் மீது எழுத்தாளரின் பெயர் தெரிந்தது. அவர் சற்று நேரம் நின்று பார்த்தார். ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பிறகு சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தார்.

"இன்னும் இங்க என்ன வேலை?" என்று கேட்டபடியே மனைவி பின்னால் போனாள்.

"புத்தகத்துக்கு இன்னைக்குக் கெடு."

துணிப்பையிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். கார்டையும் பக்கத்தில் வைத்தார். மூன்று அட்டையிலும் ஒரு கரடி சிரித்துக்கொண்டிருந்தது.

மனைவி அந்த அட்டைகளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பின்வாசல் பக்கம் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

"மறுபடியும் இதே மூணுதானா சார்?" என்றாள் நூலகப் பெண்.

"ஆமாம்மா" என்றார் எழுத்தாளர். "குழந்தை இன்னும் படிச்சு முடிக்கல."