மூணு உயிர்

"கார் ஓட்டுற கேம்ல முட்டி எங்கேர்ந்துங்க வந்துச்சு?"

லாவண்யா கேட்டது நியாயமான கேள்விதான். அவள் கணவன் சரண் தன் வலைப்பூவில் ஒரு கார் பந்தய விளையாட்டைப் பற்றி எழுதியிருந்தான். அதற்குக் கீழே டில்லி என்பவன் கமெண்ட் போட்டிருந்தான்: 'மாமே, இவன முட்டிக்குக் கீழ அடி. அப்பதான் உழுவான்.'

சரணுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, கொரட்டூரில் வீடு, மிச்ச நேரமெல்லாம் வீடியோ கேம். எட்டு வருடமாக 'மூணு உயிர்' என்ற வலைப்பூவில் அவற்றைப் பற்றி எழுதுகிறான். பழைய கேம்களில் மூன்றே உயிர்தான் கொடுப்பார்கள், அதனால் பயந்து ஒழுங்காக ஆடினோம், இப்போது எத்தனை முறை செத்தாலும் எழுப்பிவிடுகிறார்கள், சாவுக்கு மரியாதையே போய்விட்டது என்பது அவன் கட்சி. வலைப்பூவும் பழைய கேம் மாதிரியேதான் இருக்கும். கறுப்புப் பின்னணி, பச்சை எழுத்து. படிப்பவர்கள் பத்துப் பேர். அதில் விடாமல் வம்புக்கு வருபவன் டில்லி.

'கருப்பு மேல பச்ச. கண்ணு பூத்துடும் மாமே, வெள்ளைக்கு மாறு' என்பான். சரண் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் போடுவான்: 'இன்னும் சாகலையா நீ?' விழுந்த எதிரி மறுபடி எழுந்து வந்தால் ஆடுகிறவர்கள் கேட்கிற கேள்வி அது. இருவருக்கும் அதுதான் வணக்கம். நேரில் பார்த்ததில்லை.

அந்த முட்டி விஷயம் லாவண்யாவை உறுத்தியது. உட்கார்ந்து தேடிப் பார்த்தாள். ஐந்து வருடத்துக்கு முன்னால், ஒரு ராட்சசனைக் கொல்கிற கேமுக்கு டில்லி போட்ட கமெண்ட் அது. எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது. இன்னும் தேடினாள். இரண்டு வருடமாகவே அவன் புதிதாக ஒரு வார்த்தை எழுதவில்லை. எல்லாம் பழசிலிருந்து எடுத்து ஒட்டியது.

"இது அந்த ஆளே இல்லைங்க. எவனோ அவன் கணக்கைத் திருடி வெச்சிருக்கான். இப்பிடியே பழகி, ஒரு நாள் லிங்க் ஒண்ணு அனுப்புவான். நீங்களும் சிநேகிதன்தானேன்னு அமுக்குவீங்க."

சரண் அந்தப் பழைய கமெண்டுகளைத் தானும் ஒருமுறை புரட்டிப் பார்த்தான். வலைப்பூவின் தோற்றத்தை எப்படியும் மாற்றுவதாகத்தான் இருந்தான். வெள்ளைப் பின்னணி, பெரிய எழுத்து. கூடவே இன்னொன்றும் முடிவு செய்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் கமெண்ட் பெட்டி கிடையாது, பழைய கமெண்டுகளும் போய்விடும் என்று அறிவித்தான்.

அன்று சாயங்காலமே டில்லி பெயரில் பதில் வந்துவிட்டது: 'பொட்டிய எடுகாத நைனா. நேர்ல வறேன். பாடி பாலத்தாண்ட டீகட. சனி 11 மனி.'

"டில்லி உங்களை மாமேன்னுதானே கூப்பிடுவான்? நைனாங்கறது யாரு?" என்றாள் லாவண்யா. தனியாகப் போக விடமாட்டேன் என்று அவளும் கிளம்பினாள். ஓடிபி கேட்டால் சொல்லக் கூடாது, வீடு எங்கே என்று கேட்டால் ஆவடி என்று சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் பாடம்.

டீக்கடையில் லாரிக்காரர்கள் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். பதினொன்றரைக்கு, கேன்டீன் சீருடை நீலப் புடவையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் வந்தாள். சென்னீர்குப்பத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருவதாகச் சொன்னாள். பெயர் சரசா. கையில் கண்ணாடி விரிசல் விட்ட ஒரு போன்.

"நீதான் பச்ச எழுத்துல எழுதற புள்ளையா?"

"டில்லி எங்கே?" என்றான் சரண்.

"அவன் வர்ல. நான் அவன் அம்மா."

பெட்டியை எடுக்காதே, இருக்கிறபடி இருக்கட்டும், வெள்ளை பச்சை எது வேண்டுமானாலும் பூசிக்கொள் என்று கெஞ்சினாள். போனை நீட்டி ஏதோ காட்ட வந்தாள். தொடாதீங்க என்பதுபோல் லாவண்யா அவன் முழங்கையைக் கிள்ளினாள்.

"சொல்றதை அவனே எழுதலாமேம்மா. எதுக்கு அம்மாவை அனுப்பறான்? ரெண்டு வருசமா பழசையே ஒட்டறானே, அது ஏன்?" என்று அவளே கேட்டாள்.

"அவன் ஒட்லமா. நான்தான்."

லாவண்யா சரணைப் பார்த்தாள். நான் சொன்னேனா இல்லையா என்ற பார்வை.

"எனக்குப் படிக்க வரும், எழுதக் கை வராது. இப்ப வரச் சொல்லி எழுதுனதுக்கே ஒரு மணி நேரம் ஆச்சி. அமுக்கிப் புடிச்சா காப்பி எடுக்கலாம்னு பக்கத்தூட்டுப் பொண்ணு சொல்லிக் குடுத்துச்சி. இந்த நைனா புச்சா எதுனா எழுதுனா, பழசுல ஒண்ண எடுத்து ஒட்டுவேன். எது எங்க பொருந்தும்னு எனக்கு இன்னா தெரியும்?"

"பையன் போனை வெச்சுகிட்டு, பையன் பேர்ல. அவனுக்குத் தெரியுமா இது?" லாவண்யா விடவில்லை. "இதுல உங்களுக்கு என்ன கிடைக்குது?"

சரசா போனை முந்தானையால் துடைத்தாள். பிறகு சரணைப் பார்த்துச் சொன்னாள்:

"நீ போடற பதிலு கெடைக்குது. அவன் கருமாதி முடிஞ்சி ரெண்டு வருசம் ஆவுது நைனா, 'இன்னும் சாகலையா நீ'ன்னு அவனைக் கேக்கறதுக்கு நீ ஒருத்தன்தான் கீற."