அறுபத்திரண்டைத் தாண்டாதே

ஒன்பதாம் வகுப்பில் மஞ்சள் காமாலையோடு தேர்வெழுதிய நிவேதனா வாங்கியது நூற்றுக்கு அறுபத்திரண்டு. நல்ல கல்லூரி கிடைக்கும் வாய்ப்பு அன்றைக்கே போயிற்று. ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணையே ஒருவரின் திறமையின் அளவாகக் கல்லூரிச் சேர்க்கைக் கணினி பதிந்துவைக்கும்; இனி அதற்கு மேல் எடுத்தால் மோசடி என்று பெயரையே நீக்கிவிடும். வேண்டுமென்றே செய்த தப்பையும் அது மோப்பம் பிடித்துவிடும். அதனால் மூன்று வருடமாக அவளை இயல்பாகத் தப்புச்செய்யப் பழக்கினாள் அம்மா சுகந்தி.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தைய நாள், சுலபமான கணக்கு ஒன்றைத் தப்பாகப் போட்டாள் நிவேதனா.

“செரி, இப்ப சரியான விடையச் சொல்லு கண்ணு.”

மகள் அதே விடையைச் சொன்னாள். சுகந்திக்குச் சந்தேகம் தட்டியது.

“நெசமாவே தெரியலையா, எங்கிட்டயே நடிக்கிறயா?”

நிவேதனா விடையை மறுபடி பார்த்தாள்.

“ஏனுங்கம்மா, இது சரிதானுங்களே?”

அம்மா அந்த முகத்தில் சிரிப்பைத் தேடினாள்.