ஏழாவது கேள்விக்கு எந்த முகம்

படிவத்தில் ஐந்து முகங்கள் வரிசையாக இருந்தன. முதல் முகம் அழுதது, கடைசி முகம் பல் தெரியச் சிரித்தது.

கேள்விக்கு ஏற்ற முகத்தில் டிக் போட வேண்டுமாம். போட்டுக் கொடுத்தால்தான் என் மகளுக்கு டிஸ்சார்ஜ் சீட்டு.

படிவத்தை நீட்டியவர் மருத்துவமனையின் தரப் பிரிவுக்காரர். கழுத்தில் அடையாள அட்டை, வாயில் ஐந்தாம் நம்பர் சிரிப்பு.

முதல் கேள்வி, காத்திருப்போர் நாற்காலிகள் வசதியாக இருந்தனவா. பதினாறு வயதுப் பெண்ணை மனநலப் பிரிவில் விட்டுவிட்டு வருகிறவள் நாற்காலி மெத்தையை அழுத்திப் பார்ப்பாள் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ.

மூன்றாவது கேள்வி, ஊழியர்கள் புன்னகைத்தார்களா.

புன்னகைத்தார்கள். சேர்த்த அன்று ஷூ லேஸை உருவியபோதும் புன்னகைத்தார்கள். பேண்ட் நாடா, பையின் வார், ஹெட்போன் ஒயர் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். கயிறு போல எதுவுமே உள்ளே போகக் கூடாது, அதுதான் அங்கே முதல் விதி. இருபத்தொரு நாள் அவள் ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

அதில் எனக்குக் குறையில்லை. வீட்டில் நான் கோட்டை விட்டதை இவர்களாவது பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் விட்டேன்.

ஏழாவது கேள்வி, உங்கள் பிள்ளையின் பாதுகாப்பு திருப்தியளித்ததா.

டிக் போடப் பேனாவை இழுத்தேன். கூடவே நைலான் நூலும் வந்தது. பேனாவை யாரும் லவட்டிக்கொண்டு போய்விடக் கூடாதென்று எழுதுகிற அட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தார். ஒரு முழத்துக்கு மேலேயே இருக்கும்.

ஊசி போவது தெரியும், உலக்கை போவது தெரியாது என்பது இவர்களுக்காகவே சொன்னது.

மேஜையில் அதே மாதிரி இன்னொரு அட்டை கிடந்தது. உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கும் ஐந்து முகப் படிவம் உண்டு. காலையில் அது வார்டுக்குள் போய், கட்டில் கட்டிலாகச் சுற்றிவிட்டு வந்திருந்தது. பேனா பத்திரமாகத் திரும்பியிருந்தது. அவர் அதை மட்டும்தான் பார்த்திருந்தார்.

அந்தப் பேனாவில் நூல் இல்லை.

மகள் துணி மாற்ற எதிர் அறைக்குள் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

ஓடிப்போய்க் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். பின்னாலிருந்து தரப் பிரிவுக்காரர், இன்னும் மூன்று கேள்விதான் பாக்கி என்றார்.

கதவு திறந்தது. வீட்டு உடையில் நின்றாள். வலது கை மூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் விரித்தாள். உள்ளங்கையில் நூல், சின்னதாகச் சுருட்டியபடி இருந்தது.

"அட்டை அடுத்து பக்கத்துக் கட்டில் அக்காகிட்ட போகணும்னாங்கம்மா. அதான் அவுத்து நானே வச்சுக்கிட்டேன்."

அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அந்த வார்டில் ஒரே ஒருத்திதான் வேலையை ஒழுங்காகப் பார்த்திருக்கிறாள். அவளை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

நூலைக் கொண்டுபோய் ஏழாவது கேள்வியின் மேல் வைத்து, அட்டையை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் அதைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, அவுந்துடுச்சா? நல்லவேளை குடுத்தீங்கம்மா" என்றபடி நூலை எடுத்து, வார்டுக்குள் போய்வந்த அந்தப் பேனாவிலேயே மறுபடியும் கட்ட ஆரம்பித்தார்.