அக்காளின் மொழிபெயர்ப்பு

"உங்க பொண்ணு கணக்குல சுத்த மக்குன்னு டீச்சர் சொல்றாங்கம்மா" என்றாள் அக்காள், அந்தப் பெண் தானேதான் என்ற கூச்சம் சிறிதும் இல்லாமல்.

அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. எதிரே அமர்ந்திருந்த ஆசிரியையோ முகம் கொள்ளாத புன்னகையுடன் இருந்தார்.

"அதை ஏன்டி அவங்க சிரிச்சிக்கிட்டே சொல்றாங்க?"

"இந்த ஊர்ல அப்படித்தாம்மா. திட்டுறதா இருந்தாலும் சிரிச்சிக்கிட்டேதான் திட்டுவாங்க."

குடும்பம் அந்நாட்டுக்குக் குடிவந்து ஓராண்டு ஆகியிருந்தது. பள்ளியில் பெற்றோரை அழைத்தால் வழக்கமாக அப்பாவே வருவார். அன்று அவருக்குக் கிடங்கில் பகல் முறை வேலை. அம்மாவுக்கு அந்நாட்டு மொழியில் வணக்கமும் நன்றியும் தவிர வேறொன்றும் வராது. ஆகவே எட்டு வயது அக்காளே அன்றைக்குத் துபாஷி.

பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலியில் அமர அம்மா தயங்கியபோதே, "அஞ்ச வேண்டாம், போன வாரம் எங்கள் தலைமையாசிரியரையே தாங்கிய நாற்காலி அது" என்று ஆசிரியை தம் மொழியில் சொல்லியிருந்தார். ஆறு வயதுத் தம்பி களுக்கென்று சிரித்தான். முழங்கால் மோவாயில் இடிக்க அம்மா உட்கார்ந்த கோலம் அப்படி.

உண்மையில் ஆசிரியை சொன்னது வேறு. "இவள் இந்த வகுப்பில் இருக்க வேண்டியவளே அல்லள். கணக்கில் மற்றவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறாள். திங்கட்கிழமை முதல் எதிர்க் கட்டடத்து மேல் வகுப்புக்கு அனுப்பலாம். உங்கள் சம்மதம் ஒன்றுதான் வேண்டும்" என்பதே அவர் சொன்னது.

மேல் வகுப்பு அக்காளுக்குக் கசக்கவில்லை. அங்கே நுண்ணோக்கி இருந்தது. எதிர்க் கட்டடத்துச் சன்னலில் மூக்கை அழுத்தி அதை எத்தனையோ முறை பார்த்து ஏங்கியவள் அவள்.

ஆனால் தம்பி? இருவரின் வகுப்புகளும் ஒரே அறையில் நடக்கும் அந்தச் சிறு பள்ளியில், சேர்ந்த நாள்முதல் அவன் ஒரு சொல் பேசியதில்லை. அவனுக்குத் தாகம் எடுத்தால் இவள் தண்ணீர் கேட்பாள். அவன் பென்சில் முறிந்தால் இவள் முறையிடுவாள். அவன் பெயரை யாரேனும் அவனிடமே கேட்டாலும் இவள்தான் முந்திக்கொண்டு சொல்வாள். தான் போய்விட்டால் அந்த வாயில்லாப் பூச்சியின் கதி என்ன?

மொழிபெயர்ப்பில் பிழை நேர்வது உலக இயல்பு. பிழையையே மொழிபெயர்ப்பாகச் செய்யத் துணிந்தவள் அக்காள்.

"வீட்ல கணக்குன்னா உனக்குத் தண்ணி பட்ட பாடாச்சே. இங்க வந்ததும் என்னடி கேடு?" என்றாள் அம்மா.

"இங்க கணக்கு வேற மாதிரிம்மா."

"ரெண்டும் ரெண்டும் எந்த ஊருக்குப் போனாலும் நாலுதான்டி. அப்பா வரட்டும், உனக்கு இருக்கு. இப்ப டீச்சர்கிட்ட நான் சொல்றதை அப்படியே சொல்லு. வீட்ல நான் உக்காந்து சொல்லிக் குடுக்கறேன், எப்படியாவது இவளைக் கை தூக்கி மேல விட்டுடுங்கன்னு கேளு."

சொல்லிவிட்டு, குட்டி நாற்காலியில் இருந்தபடியே அம்மா கைகூப்பினாள்.

அக்காள் ஆசிரியையின் பக்கம் திரும்பி, "மேல் வகுப்பு வேண்டாமாம். இங்கேயே இருக்க விடும்படி அம்மா கும்பிட்டுக் கேட்கிறார்" என்றாள்.

ஆசிரியையின் புன்னகை வாடிற்று. இப்படிக் கைகூப்பி மறுப்பவரை மேலும் எப்படி வற்புறுத்துவது? "சரி, அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறேன்" என்று வருத்தத்தோடு எழுந்தார். அக்காளின் கண்முன் நுண்ணோக்கி ஒருமுறை மின்னி மறைந்தது.

தரையில் வண்ணக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த தம்பி, அடுக்கியதை விட்டுவிட்டு எழுந்து வந்தான். ஆசிரியையின் முன்னே நின்று அந்நாட்டு மொழியில் பேசினான். "அந்த இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்காளை மேலே அனுப்பச் சொல்லித்தான் கும்பிடுகிறார்." இலக்கணம் ஓர் இடத்திலும் பிசகவில்லை. உச்சரிப்பிலோ, அவ்வூரிலேயே பிறந்த பிள்ளை தோற்றுப்போகும்.

திறந்த வாயுடன் ஆசிரியை மீண்டும் நாற்காலியில் அமர்ந்தார். தம்பி அம்மாவின் பக்கம் திரும்பினான்.

"மக்குன்னு டீச்சர் சொல்லவே இல்லம்மா. அக்கா ரொம்பக் கெட்டிக்காரியாம். பெரிய கிளாசுக்கு அனுப்பட்டுமான்னு உன்னைக் கேக்கறாங்க."

அம்மா மகனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு ஆசிரியையைப் பார்த்துக் கழுத்துச் சுளுக்கிக்கொள்ளும் அளவுக்குத் தலையாட்டினாள். சம்மதத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அக்காளின் காதுமடல்கள் சிவந்துவிட்டன. தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"டேய், இவ்வளவு நல்லாப் பேச வருதே. அப்புறம் ஏன்டா ஒரு வருஷமா கிளாஸ்ல வாயே தொறக்கல?"

தம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"நீ எங்க தொறக்க விட்ட, அக்கா?"