முதலில் போகிறவள்

"இன்னிக்கும் நீயேதான் முதல்ல போகப் போறியா?"

மூத்த மருமகள் கேட்டதும், ஹெல்மெட்டை மாட்டப் போன சின்ன மருமகளின் கை பாதியில் நின்றது.

"எப்பவும் அப்படித்தானே அக்கா?"

"அதைத்தான் கேக்கறேன். எப்பவும் ஏன் அப்படி?"

லாரிகள் நிறுத்துகிற பெரிய மைதானம் அது. ஞாயிற்றுக்கிழமை லாரி கிடையாது. ஆரஞ்சு நிறக் கோன்களை வளைத்து வளைத்து அடுக்கி, சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் பொழுதுபோக்காகப் போட்டி நடத்துவார்கள். ஒரு நேரத்துக்கு ஒரு கார், ஆளுக்கு ஒரே ஒரு சுற்று. கோனைத் தட்டாமல் யார் சீக்கிரம் வருகிறாரோ அவருக்கு ஜெயம். ஜெயத்துக்குப் புள்ளி உண்டு, வருஷக் கடைசியில் புள்ளி அதிகம் வைத்திருப்பவருக்குக் கோப்பை.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து, பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் என்று வாங்கிய குட்டிக் கார்தான் இவர்களுடையது. அதைப் பந்தயத்துக்குப் பழக்கியவள் சின்னவள். ஸ்பிரிங்கை மாற்றினாள். தரையைக் கவ்விப் பிடிக்கிற டயராகத் தேடிப் போட்டாள். சனிக்கிழமை வந்தால் கனம் குறைய ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் இறங்கிவிடும். பின்சீட்டு ஹாலுக்கு வந்துவிடும். மாமனார் அதில் சாய்ந்துகொண்டுதான் டிவி பார்ப்பார்.

"நம்ம சின்னவ கைபட்டா இரும்பும் சொன்ன பேச்சு கேக்குது" என்று அவர் ஒரு நாள் வாய் தவறிப் பாராட்டித் தொலைத்தார். அன்றைக்குப் பற்றிக்கொண்டது மூத்தவளின் வயிறு.

'அவளுக்குத்தான் கை இருக்கா? எனக்கென்ன அகப்பையா இருக்கு?' என்று அடுத்த போட்டிக்கே, அதே காரில், தானும் பேர் கொடுத்துவிட்டாள்.

ஆச்சரியம், மூத்தவள்தான் ஜெயித்தாள்! அதற்கடுத்த போட்டியிலும் அவளே. பெரிதாக ஒன்றுமில்லை, அரை விநாடி, கால் விநாடி. ஆனாலும் ஜெயிச்சது ஜெயிச்சதுதானே?

அப்படியும் வயிற்று நெருப்பு அணையவில்லை. முதலில் போகிறவளைத்தான் ஜனம் பார்க்கிறது, கைதட்டுகிறது. பிறகு இவள் ஏறும்போது, பார்த்த கார்தானே என்று பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். ஜெயிப்பது ஒருத்தி, கைதட்டு இன்னொருத்திக்கா? அதுவும் மூத்தவள் இருக்கும்போது?

சின்னவள் முன்பே வாங்கி வைத்த புள்ளியும், இவள் பிறகு வாங்கிய புள்ளியும் இப்போது சமமாக நின்றன. வருஷக் கோப்பை யாருக்கு என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

"இன்னிக்கு நான்தான் முதல்ல."

சின்னவள் பதறினாள். "வேண்டாம் அக்கா. பனி வேற இறங்கியிருக்கு. இன்னிக்குப் பார்த்துக் கோப்பை..."

"கோப்பைங்கறதாலதான் சொல்றேன்."

"அடுத்த தடவை நீங்களே போங்க. இன்னிக்கு மட்டும் சொன்னா கேளுங்க அக்கா."

"பார்த்தியா, விட்டுக்கொடுக்க மனசு வருதா உனக்கு? பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சொல்வாங்க. நீ பந்திக்கும் முந்துவே, படைக்கும் முந்துவே!"

சின்னவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஹெல்மெட்டை நீட்டினாள்.

"முதல் ரெண்டு வளைவை மட்டும் மெதுவா எடுங்க அக்கா."

'எனக்கே பாடமா!' கார் விஷயம் எதையும் சின்னவளிடம் கேட்பதில்லை என்பது மூத்தவளின் வைராக்கியம். ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினாள். 'கடவுளே, நான் ஜெயிக்கணும்' என்று வேண்டினாள். அதோடு விட்டிருக்கலாம். 'அவ நாலு கோனையாவது தட்டணும்' என்றும் சேர்த்துக்கொண்டாள்.

கொடி இறங்கியது. கைதட்டல் காதில் விழுந்தது. ஆஹா! காலை அழுத்தினாள்.

இரண்டாவது வளைவில் காரின் பின்பக்கம் தனியாகக் கழன்றுகொண்ட மாதிரி வழுக்கியது. கார் பம்பரமாக ஒரு சுற்றுச் சுற்ற, கோன்கள் நாலாபக்கமும் பறந்தன.

வேண்டுதல் பலித்துவிட்டது. ஆள்தான் மாறிப்போய்விட்டது.

எப்படியோ மிச்சப் பாதையைச் சுற்றி முடித்து வந்து இறங்கினாள். சின்னவள் ஓடி வந்தாள்.

"அக்கா, அடிகிடி ஒண்ணும் படலையே?"

"தொடாதே! நேத்து ஸ்பேனரும் கையுமா டயர்கிட்ட குனிஞ்சுக்கிட்டு இருந்தியே, அப்பவே நினைச்சேன்!"

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

இப்போது கார் வழுக்கவே இல்லை. கோந்து தடவி ஒட்டிய மாதிரி ஒவ்வொரு வளைவிலும் சுளுவாகத் திரும்பியது. ஒரு கோன்கூட அசையவில்லை.

மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை. கொடி பிடித்து நின்றவரிடம் நேராகப் போனாள்.

"பார்த்தீங்களா அண்ணே? எனக்குச் சுத்தின கார் அவளுக்கு மட்டும் எப்படி ஒட்டிக்கிட்டுப் போகுது? என்னமோ பண்ணி வச்சிருக்கா!"

அவர் சிரித்தார். "அவங்க என்னம்மா பண்ணுவாங்க? ஆறிக் கிடக்கிற டயர் தரையைப் பிடிக்காது. ஒரு சுத்து ஓடிச் சூடானாத்தான் பிடிக்கும். முதல்ல போறவங்களுக்கு எப்பவும் நஷ்டம்தான், முழுசா ஒரு விநாடி போயிடும். அதனாலதான் ஒரே காரை ரெண்டு பேர் ஓட்டினா, முதல்ல யாருன்னு சீட்டுக் குலுக்கிப் போடுவோம்."

ஒரு விநாடி. இவள் ஜெயித்ததெல்லாம் அரையும் காலும்.

"எங்களுக்கு... சீட்டே போட்டதில்லையே?"

"அவங்க எங்கேம்மா போட விட்டாங்க? நீங்க வந்த முதல் நாளே என்கிட்ட வந்து, 'முதல் சுத்து எனக்கே இருக்கட்டும் அண்ணே. தோத்துட்டா அக்கா அப்புறம் வரமாட்டாங்க. அந்த வீட்டுல எனக்குன்னு இருக்கிற ஒரே சிநேகிதி அவங்கதான்'னு சொல்லிட்டாங்களே!"